டெல்சி வீட்டு மின்விசிறி

சான் லாசரோ ஊரில் கார்னிவல் திருவிழா நெருங்கினால் ஆண்பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பயப்படுவார்கள். ஒருவர் கடவுள், அவர் மன்னித்துவிடுவார். மற்றவர் அரிஸ்தீதெஸ் போலோ.

ஆளைப் பார்த்தால் பயம் வராது. வழுக்கைத் தலை, ஒல்லி உடம்பு, சளி பிடித்த வெள்ளாட்டின் குரல். மக்தலேனா ஆற்றுப் படித்துறையில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைக் காலையும் மாலையும் பார்த்து, தண்ணீர் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று துறைமுக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஆனால் கார்னிவல் வந்துவிட்டால் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, பாதிரியார் மாதிரி பெரிய அட்டைப் புத்தகம் ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஐந்து பேரோடு தெருத்தெருவாகப் புறப்படுவார். கோயில் மன்றாட்டு ராகத்தில் நாலு வரி பாடுவார். பின்னால் இருப்பவர்கள் "இவருக்காக வேண்டிக்கொள்வோம்!" என்று இழுப்பார்கள். அந்த வருஷம் ஊரில் நடந்த கூத்தெல்லாம் அந்த நாலு நாலு வரிகளில் வந்துவிடும். முக்கியமாக, யாருடைய மனைவி யாரோடு என்பது.

மனைவி இன்னொருவனோடு பழகினால் புருஷன் தலையில் கொம்பு முளைத்துவிட்டது என்பது அங்கே பேச்சு. பாட்டு கொம்பு முளைத்தவன் வாசலுக்கே போகும். அவன் கதவைத் திறந்து, கூடச் சேர்ந்து சிரித்து, எல்லோருக்கும் ரம் ஊற்ற வேண்டும். கதவைச் சாத்தினால் அதே பாட்டு மூன்று முறை. இன்னொரு சட்டமும் உண்டு. சொந்தம், சிநேகிதம் என்று பார்த்து எந்தப் பாட்டையும் வெட்டக் கூடாது. குழுவிலிருந்த ஒருவன் தன் மச்சினனின் கொம்பை மறைக்கப் பார்த்தபோது, நெஞ்சில் கை வைத்துப் பெரிய பிரசங்கம் செய்து இந்தச் சட்டத்தைப் போட்டவர் அரிஸ்தீதெஸ்தான். பிரசங்கம் நன்றாக இருந்ததாக அவருக்கு ஞாபகம்.

ஆண்பிள்ளையின் திருட்டுக்கு மட்டும் அந்தப் புத்தகத்தில் பாட்டு கிடையாது. அரிஸ்தீதெஸே வியாழக்கிழமைதோறும் சந்தைக்குப் பின்னால் இருக்கும் டெல்சி வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஊருக்குத் தெரியும். மனைவி நூரிஸுக்கும் தெரியும். பாதிரியாருக்குக்கூடத் தெரியும், வியாழக்கிழமை ஜெபத்துக்கு அவரை எதிர்பார்க்கவே மாட்டார். யாருக்கும் அது பாட்டுக்கு உரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஆறு ஓடுகிறது என்று யாராவது பாட்டுக் கட்டுவார்களா?

அந்த வருஷம் ஜனவரியில், முடிதிருத்தும் வில்ஃப்ரீதோவின் கடைக்குப் பின்புற முற்றத்தில் ஒத்திகை நடந்தது. அரிஸ்தீதெஸ் ஏக உற்சாகத்தில் இருந்தார். படகோட்டி ஒருவன் பாதிச் செய்தி ஒன்றைக் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தான். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வந்து கண் பரிசோதிக்கும் அனிபாலுக்கும், ஆற்றங்கரைத் தெருவில் யாரோ ஒருத்திக்கும் என்னவோ இருக்கிறதாம். பேரைப் படகோட்டி சொல்லவில்லை. அரிஸ்தீதெஸும் கேட்கவில்லை. எதுகை கிடைத்துவிட்ட பிறகு பேர் எதற்கு?

தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்.

*ஆத்தங்கரைத் தெருவிலொரு அம்மா கண்ணு மங்குது;*
*பார்த்துச் சொல்ல வந்த பெட்டி பாதி நாளு தங்குது;*
*மாத்தி மாத்திக் கண்ணாடி மாட்டிவிட்டுக் கிளம்புது;*
*நேத்து மொட்டைத் தலையிலே இன்னிக்குக் கொம்பு பொங்குது!*

யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் தன் செருப்பைப் பார்த்தான். இன்னொருவன் மாமரத்தைப் பார்த்தான். இந்தக் கழுதைகளுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று எண்ணிய அரிஸ்தீதெஸ், இன்னும் சத்தமாக, கைகளை ஆட்டி, கடைசி வரியில் தலைக்கு மேல் இரண்டு விரலை நீட்டிக் காட்டி மறுபடியும் பாடினார்.

"மச்சான், போதும்," என்றார் வில்ஃப்ரீதோ.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை. ஆத்தங்கரைத் தெருவுல கண்ணாடி போட்ட பொம்பளைங்க யார் யாருன்னு சொல்லு பார்ப்போம்."

"கர்மோனா வீட்டு விதவை. விதவைக்கு ஏது புருஷன்? அப்புறம் டீச்சரம்மா. அவங்களுக்குக் கல்யாணமே ஆகலை. அப்புறம்..."

அரிஸ்தீதெஸின் விரல்கள் இன்னும் தலைக்கு மேலேயே இருந்தன. நூரிஸ் அந்த வருஷத்தில் மட்டும் மூன்று கண்ணாடி மாற்றியிருந்தாள். கடைசிக் கண்ணாடி அவள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று அவரே சொல்லியிருந்தார்.

"கையைக் கீழ போடு மச்சான்," என்று வில்ஃப்ரீதோ அன்பாகச் சொன்னார்.

ஆறு அரை விரற்கடை ஏறினாலும் கண்டுபிடித்துவிடும் மனுஷர், தன் வீட்டு வாசற்படியைத் தாண்டி வெள்ளம் வந்ததைத் தன் பாட்டின் மூலமாகத் தெரிந்துகொண்டார். வீட்டுக்கு நடக்கும்போது அவருக்குக் கோபத்தைவிட இதுதான் உறுத்தியது: இத்தனை வருஷத்தில் அவர் கட்டியதிலேயே அதுதான் நல்ல பாட்டு.

நூரிஸ் பின்கட்டில் மரவள்ளிக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது.

"யாருடி அந்த அனிபால்?"

"கண்ணாடிக்காரரு. உனக்குத் தெரியுமே. நல்ல மனுஷனா இருக்காரு, காபி குடுன்னு நீதானே சொன்ன."

உண்மைதான். இரண்டாவது கோப்பை ஊற்றச் சொன்னதும் அவர்தான்.

"படுத்தியா?"

நூரிஸின் கத்தி நின்றது. "முதல் கேள்வி இதுவாத்தான் இருக்கும்னு தெரியும். ஆமா. போதுமா?"

"அந்தக் கிழவன்கூடவா? கழுதை கனைக்கிற மாதிரி இருமுவானே!"

"இருமுவாரு. இருமி முடிச்சதும், 'எங்க விட்டீங்க, சொல்லுங்க'ம்பாரு." கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "டெல்சி விஷயம் தெரிஞ்சப்போ நான் உன்னை என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

போன வருஷத்து வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இது ஞாபகம் இல்லை.

"'அவகிட்ட மனசுவிட்டுப் பேசுறியா'ன்னு கேட்டேன். நீ சிரிச்ச. 'பேச்சா? அவகிட்டப் பேச என்னடி இருக்கு, ஆம்பளைக்கு உடம்பு கேக்குது, அவ்வளவுதான்'ன. நானும் லூசு மாதிரி அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன்."

"அப்போ இதுவும் அவ்வளவுதானே?"

"இல்லை. அதான் உன்கிட்டப் பொய் சொல்லாம இருக்கேன்." கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை ஓரத்தில் துடைத்தாள். "ஒரு கண்ணாடியை மாட்டுவாரு. 'இப்போ என்ன தெரியுது'ம்பாரு. அதை எடுத்துட்டு இன்னொண்ணு. 'இப்போ?' கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, உனக்கு என்னடி தெரியுதுன்னு என்னை யாருய்யா கேட்டா? முதல் தடவை எனக்குப் பேச்சே வரலை. சுவத்துல மாட்டின எழுத்து தெரியுதுன்னேன். மூணாவது தடவை எங்கம்மா செத்த கதை வரைக்கும் சொல்லிட்டேன்."

அரிஸ்தீதெஸ் முக்காலியில் உட்கார்ந்தார். அனிபால் ஆற்றின் மேல்போக்கில் இருக்கும் மகங்கே ஊரில் கடை போட்டுவிட்டதாகவும், வரச்சொல்லி ஆள் அனுப்பியிருப்பதாகவும், கார்னிவல் முடிந்த மறுநாள், சாம்பல் புதன் அன்று காலை விசைப்படகு இருக்கிறது என்றும் நூரிஸ் சொன்னாள். தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது.

"போகாதே," என்றார் அவர். பிறகு, வேறு எதுவும் தோன்றாததால், பாட்டுக் கட்டிய கதையைச் சொன்னார். பாடச் சொன்னாள். பாடினார். சிரிக்காமல் கேட்டாள்.

"மொட்டைத் தலைன்னு எப்படி வந்துது?"

"தாளத்துக்கு வந்துது."

"ம்."

"இதை வெட்டிடறேன் நூரிஸ்."

"வெட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? பாடு. எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்லை. ஆனா டெல்சி பாட்டையும் பாடு, நம்ம வாசல்லயே. என் பாட்டுக்குச் சிரிக்கிற அளவு ஊர் உன் பாட்டுக்கும் சிரிக்கணும். சிரிச்சா இருக்கேன். சிரிக்கலேன்னா புதன்கிழமை படகு."

அரிஸ்தீதெஸுக்கு நிம்மதியாகிவிட்டது. ஊரையே சிரிக்க வைத்தவர் அவர். இது என்ன பிரமாதம்?

இரண்டு நாளில் பாட்டு தயார்.

*வேலி தாண்டிச் சேவல் ஒண்ணு வியாழன்தோறும் போகுது;*
*கூவிக் கூவி ஊரையெல்லாம் கூட்டிவிட்டு மேயுது!*

வில்ஃப்ரீதோவின் கடையில் இருந்தவர்கள், "ஆகா, சிங்கம்டா!" என்று முதுகில் தட்டினார்கள். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து கை கொடுத்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அடுத்ததாகப் பாட்டில் அவமானத்தைச் சேர்த்துப் பார்த்தார். பாவி, துரோகி, நாய் என்றெல்லாம் தன்னையே திட்டி ஒரு பாட்டு. அதை மீன் சந்தையில் பாடிப் பார்த்தார். பெண்கள் பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவி சிலுவை போட்டு, "புத்தி வந்துடுச்சே, நல்ல மனுஷன்," என்று ஒரு மீனை இலவசமாகக் கொடுத்தாள். அரிஸ்தீதெஸ் மீனைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து வந்தார். குனிந்தது வெட்கத்தால் அல்ல, தொழில் தோல்வியால்.

"மச்சான், பொம்பளை போனா அது கதை," என்றார் வில்ஃப்ரீதோ கத்தியைத் தீட்டிக்கொண்டே. "ஆம்பளை போனா அது செய்தியே இல்லை. இல்லாத சிரிப்பை எங்கேயிருந்து கொண்டுவருவ?"

"அவ பண்ணினதுக்கும் நான்தான் கோமாளி. நான் பண்ணினதுக்கு மட்டும் ஏன்டா நான் கோமாளி இல்லை?"

"அதை உன் கோமாளித்தனத்தைக் கிட்டத்துல பார்த்தவங்ககிட்டப் போய்க் கேளு."

அன்று வியாழக்கிழமையாக இருந்தது. கால்கள் பழக்கத்தில் சந்தைப் பக்கம் போயின.

டெல்சி தையல் மெஷினில் யாருக்கோ கார்னிவல் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மெஷினை நிறுத்தினாள்.

"என்னைப் பத்திப் பாட்டா? சேவலா? நீயா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, உண்மையைப் பாடேன்யா!"

"என்ன உண்மை?"

டெல்சி விரலை மேலே காட்டினாள். கூரையில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"முதல் வியாழன் வந்தே. விசிறி சுத்தலே. சட்டையைக் கழட்டினே. சரிதான்னு நான் விளக்கை அணைச்சேன். 'விளக்கைப் போடு, ஸ்க்ரூ தெரியலை'ன்ன. ரெண்டாவது வியாழன் குழாய். அப்புறம் கட்டில் காலு. அப்புறம் கோழிக்கூண்டு. மழை வந்தா கூரைத் தகரம். முடிச்சதும் மரவள்ளியும் வறுத்த மீனும் தின்னுட்டு, வாயைத் திறந்துட்டுத் தூங்குவே. குறட்டையில கோழி முட்டையிடாது."

"மத்ததும் நடந்துச்சே?"

"நடந்துச்சு, நடந்துச்சு. மின்சாரம் போன நாளெல்லாம்."

அரிஸ்தீதெஸ் வெகுநேரம் விசிறியைப் பார்த்தார். ஆறு வருஷம் தன்னைச் சேவல் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர், கையில் திருப்புளிப் பையோடு அந்தச் சந்தில் போன ஒரு மனுஷனை முதல்முறையாகப் பார்த்தார்.

"ஏன்டி என்னைப் போகச் சொல்லலை?"

"பைத்தியமா எனக்கு? நல்ல எலெக்ட்ரீசியன் இந்த ஊர்ல எங்கே கிடைக்கிறான்?" என்ற டெல்சி, சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன் வீட்டு விசிறி சுத்துதா?"

சுற்றவில்லை. நூரிஸ் மூன்று கோடைகாலமாக அட்டையால் விசிறிக்கொண்டு தூங்குகிறாள்.

செவ்வாய்க்கிழமை, கார்னிவலின் கடைசி நாள், கறுப்பு அங்கி போட்ட ஆறு பேரும் ஆற்றங்கரைத் தெருவில் நுழைந்தார்கள். செய்தி பரவியிருந்தது. அரிஸ்தீதெஸ் வீட்டு வாசலில் ஊரே நின்றது. நூரிஸ் கண்ணாடியோடு நிலைப்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் தகரப் பெட்டியின் மூலை தெரிந்தது.

முதலில் கண்ணாடிப் பாட்டு. "மொட்டைத் தலை" என்ற இடத்தில் தொப்பியைக் கழற்றித் தன் தலையையே காட்டினார். தெரு வெடித்தது. பிள்ளைகள் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு குதித்தார்கள். "இவருக்காக வேண்டிக்கொள்வோம்!" என்று ஊரே இழுத்தது.

சத்தம் அடங்கக் காத்திருந்து, அட்டைப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

*வியாழக்கிழமை ஆச்சுன்னா இல்லாத முடியைச் சீவுவான்;*
*விசிலடிச்சு டெல்சி வீட்டு வேலி தாண்டித் தாவுவான்;*

"சபாஷ்!" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அரிஸ்தீதெஸ் அவசரமாக அடுத்த வரிக்குப் போனார்.

*நாற்காலி மேல ஏறி நின்னு நட்டு போல்ட்டு தேடுவான்;*
*நாலு சுத்து விசிறி சுத்த, நல்லாக் குறட்டை போடுவான்!*

முதலில் மீன் சந்தைக் கூட்டத்திலிருந்து ஒருத்தி பன்றி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். அவள் அடக்கப் பார்த்த சிரிப்பு அது. பக்கத்தில் நின்றவளுக்குத் தொற்றியது. பெண்கள் வரிசையாகச் சரிந்தார்கள். ஆண்கள் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

நூரிஸ் கதவைச் சாத்திவிட்டாள்.

அரிஸ்தீதெஸ் புத்தகத்தை மூடினார். "முடிஞ்சுதுடா வில்ஃப்ரீதோ. பாதி ஊர்தான் சிரிச்சுது. போயிட்டா."

"என்ன முடிஞ்சுது? கதவு சாத்தியாச்சு மச்சான். சாத்தினா மூணு தடவை. பாடு!"

பாடினார். இரண்டாம் முறை குறட்டையையும் விட்டுக் காட்டினார். மூன்றாம் முறை, அங்கேயே தோன்றிய இன்னொரு நாலு வரியைச் சேர்த்தார்.

*கள்ளக் காதல் பண்ணப் போயி கட்டில் காலை ஒட்டினான்;*
*கண்ணே வான்னு கூப்பிட்டா தகரத்துல ஆணி தட்டினான்;*
*சொந்த வீட்டு விசிறி மட்டும் சுத்தி வருஷம் ஆகுது;*
*சந்துல போறது சேவலில்லே, எலெக்ட்ரீசியன் போகுது!*

ஆண்கள் பக்கம் முதலில் காய்கறிக்கடைக்காரருக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டது. அவர் வேலி தாண்டுவது வியாழன் இல்லை, செவ்வாய். விசிறி இல்லை, கிணற்று மோட்டார். தன் மோட்டாரை நினைத்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஆண்களும் தாங்கவில்லை. "எலெக்ட்ரீசியனுக்காக வேண்டிக்கொள்வோம்!" என்று யாரோ மாற்றிப் போட, ஆற்றின் அக்கரை வரை கேட்டது.

கதவு திறந்தது. நூரிஸ் ரம் பாட்டிலோடு வந்தாள். முறைப்படி எல்லோருக்கும் ஊற்றினாள். கடைசியாகப் புருஷனுக்கு. முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ சிரிக்கலையே," என்றார் அவர்.

"ஊர் சிரிக்கணும்னுதான் சொன்னேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் விழித்தபோது பக்கத்தில் நூரிஸ் இல்லை. அடுப்பும் எரியவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்துறைக்கு ஓடினார். விசைப்படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. கோழிக்கூடைகளுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே ஒவ்வொரு முகமாகத் தேடினார். படகு திரும்பியது, தூரமானது, வளைவில் மறைந்தது. அளவுக் கம்பத்தின் அருகிலேயே நின்றும் அன்று அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. துறைமுக அலுவலகத்தில் அந்தக் காலைக்கு மட்டும் இன்றுவரை கணக்கு இல்லை.

கட்டிலுக்கு அடியில் ஒரு முறை குனிந்து பார்த்திருந்தால் பெட்டி மறுபடி அங்கே போயிருப்பது தெரிந்திருக்கும். அது அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நூரிஸ், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு, சோள அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கே போனே நீ?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"கோயிலுக்கு. இன்னிக்குச் சாம்பல் புதன். நீ எங்கே போனே, சட்டையைக் கோணலாப் போட்டுக்கிட்டு?"

"படகுக்கு."

"இருக்கேன்னு சொன்னேனே. சொன்னா சொன்னதுதான். நான் உன்னை மாதிரியா?" அடையைத் தட்டில் போட்டாள். "ஆனா பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்."

அவர் தட்டைத் தொடவில்லை. திருப்புளிப் பையை எடுத்துவந்து, படுக்கையறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். நாற்காலி ஆடியது. நூரிஸ் வந்து அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத் தூசி அவர் வழுக்கையில் கொட்டியது. கம்பியைப் பிரித்தார், இணைத்தார், துடைத்தார். இவ்வளவு சின்ன வேலை. டெல்சி வீட்டில் இதைவிட மோசமாக இருந்தது.

மேலேயிருந்தபடியே, விசிறியைப் பார்த்துக்கொண்டே, தொண்டையைச் செருமினார்.

"நூரிஸ்."

"என்ன?"

"இப்போ உனக்கு... என்ன தெரியுது?"

கீழே நின்ற நூரிஸ் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி, அண்ணாந்து, அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் பார்த்தாள்.

"கொம்பு ரெண்டும் நல்லாத் தெரியுது," என்றாள். "குனிஞ்சு நில்லு, ஸ்விட்சைப் போடப் போறேன். விசிறியில மாட்டிக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரிஸ்தீதெஸ் குனிந்தார்.